லெஸ்டரிலிருந்து பெர்த்துக்கு: ஒரு குடும்பத்தின் குடிபெயர்வும் அதன் கணக்கும்

பின்னணி

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் வாழ்ந்த நால்வர் கொண்ட ஒரு குடும்பம் 2024 ஆகஸ்டில் மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குக் குடிபெயர்ந்தது. மனைவி பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். மருத்துவமனையில் பதினெட்டு ஆண்டுகள் பணியாற்றிய செவிலியர், கணவர் மின்பணியாளர். மகளுக்கு அப்போது 14 வயது, மகனுக்கு 9. வீட்டில் ஒரு நாயும் இருந்தது. கணவர் பணிபுரிந்த நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் இவர்களுடைய வரவுசெலவுத் தாளை முதலிலிருந்தே நான் பார்த்துவந்தேன். பெயர் வெளியிடாமல் எழுதலாம் என்று இருவரும் ஒப்புதல் அளித்துள்ளனர்.

பிரிட்டனிலிருந்து ஆஸ்திரேலியா செல்வது புதிய செய்தியன்று. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் ஆஸ்திரேலிய அரசே கப்பல் கட்டணத்தின் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டு, பெரியவர் ஒருவருக்குப் பத்து பவுண்டு மட்டும் பெற்று, பிள்ளைகளை இலவசமாகவே அழைத்துக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்குள் திரும்ப விரும்பியவர்கள் அந்த உதவித்தொகையைத் திருப்பிச் செலுத்த வேண்டும் என்பதே முக்கிய நிபந்தனை. இன்று செல்பவரிடம் அரசு கட்டணம் பெறுகிறதே தவிரக் கொடுப்பதில்லை. ஆயினும் அந்தப் பழைய காலத்தின் எளிமை, பிரிட்டிஷ் குடும்பங்களின் மனத்தில் எங்கோ இன்னும் தங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. "மொழி ஒன்று, சட்டமும் ஏறக்குறைய ஒன்று, போய் இறங்கினால் போதும்" என்ற நம்பிக்கையோடுதான் இவர்களும் தொடங்கினர்.

2022 இறுதியில் இங்கிலாந்தின் செவிலியர்கள் ஊதியக் கோரிக்கைக்காக வேலைநிறுத்தம் செய்த நாட்களில் இந்தப் பேச்சு வீட்டில் எழுந்தது. 2023 தொடக்கத்தில் மேற்கு ஆஸ்திரேலிய அரசின் குழு ஒன்று பிரிட்டனுக்கே வந்து செவிலியர், காவலர், ஆசிரியர் போன்றோரைத் தேடியபோது பேச்சு முடிவாக மாறியது.

கையிருப்பும் முதல் மதிப்பீடும்

2023 ஜனவரியில் அவர்களிடம் வங்கிச் சேமிப்பாக 31,000 பவுண்டும், வரிவிலக்குப் பெற்ற ஐசா கணக்கில் 18,000 பவுண்டும் இருந்தன. வீட்டின் மதிப்பு சுமார் 2,55,000 பவுண்டு. அதன்மீது ஏறத்தாழ 1,40,000 பவுண்டு கடன். அந்தக் கடனுக்கு 2026 பிப்ரவரி வரை நிலையான வட்டி என்று ஒப்பந்தம் செய்திருந்தனர். குடிபெயர்வுக்கு 24,000 பவுண்டு ஆகும் என்றும், சென்ற சில வாரங்களில் வீடு விற்ற பணம் கைக்கு வந்துவிடும் என்றும் தாளில் எழுதியிருந்தனர். முதல் மதிப்பீடு பெரும்பாலும் சரியாகவே இருந்தது. இரண்டாவதுதான் அவர்களை நான்கு மாதங்கள் தூங்கவிடவில்லை.

விசா: வயதோடு ஓடிய ஓட்டம்

மாநில அரசின் பரிந்துரையோடு வழங்கப்படும் 190 வகை நிரந்தர விசாவுக்கு மனைவியை முதன்மை விண்ணப்பதாரராகக் கொண்டு விண்ணப்பிக்க முடிவு செய்தனர். இதற்குக் குறைந்தது 65 புள்ளிகள் வேண்டும். 33 முதல் 39 வயது வரையுள்ளவருக்கு 25 புள்ளிகள். 40 வயது நிறைந்த நாளிலிருந்து அது 15 ஆகக் குறைந்துவிடும். மனைவிக்கு 2024 மார்ச்சில் 40 நிறைவடைய இருந்தது. வயதுக்கு 25, பட்டத்துக்கு 15, எட்டு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பணி அனுபவத்துக்கு 15, மாநிலப் பரிந்துரைக்கு 5, கணவரின் ஆங்கிலத் தகுதிக்கு 5 எனக் கூட்டினால் சரியாக 65 வந்தது. ஆனால் குறைந்தபட்சப் புள்ளி என்பது வரிசையில் நிற்பதற்கான உரிமை மட்டுமே. அழைப்பு வருமா என்பது அந்த வரிசையில் மற்றவர்கள் எத்தனை புள்ளிகளோடு நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

எனவே அவர் ஆங்கிலத் தேர்வு எழுத முடிவு செய்தார். பிரிட்டிஷ் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு அடிப்படை ஆங்கிலத் தகுதி இயல்பாகவே ஏற்கப்படும், ஆனால் முதன்மை விண்ணப்பதாரருக்கு அதற்குப் புள்ளி கிடையாது. கூடுதலாக 20 புள்ளிகள் பெற, கணினிவழி ஆங்கிலத் தேர்வான பி.டி.இ.-யின் நான்கு பிரிவுகளிலும் 79 மதிப்பெண் வேண்டியிருந்தது. பிறந்ததிலிருந்து ஆங்கிலமே பேசிவந்த அவர் முதல் முறை எழுத்துப் பிரிவில் 76 பெற்றுத் தவறவிட்டார். கணினி மதிப்பிடும் தேர்வுக்கு அதற்கேற்ற பயிற்சி வேண்டும் என்பதை உணர்ந்து, மூன்று வாரங்கள் மாதிரி வினாத்தாள்களோடு உட்கார்ந்த பிறகு, இரண்டாம் முறை நான்கு பிரிவுகளிலும் தேறினார். ஒரு தேர்வுக் கட்டணம் வீண்தான் என்றாலும், அந்த 20 புள்ளிகள் அவரை 85-க்கு உயர்த்தின. செலவிட்ட தொகையில் அதிகப் பயன் தந்தது இதுவே என்பது என் கணிப்பு.

செவிலியர் தகுதி மதிப்பீடு, ஆஸ்திரேலியத் தொழில்முறைப் பதிவு, காவல்துறைச் சான்றிதழ், மருத்துவப் பரிசோதனை, தேர்வுகள் அனைத்துக்கும் சேர்த்து 2,900 பவுண்டு ஆனது. 2023 செப்டம்பரில் அழைப்பு வந்தது, அக்டோபரில் விண்ணப்பித்தனர். அந்த நிதியாண்டில் முதன்மை விண்ணப்பதாரருக்கு 4,640 டாலர், உடன்வரும் பெரியவருக்கு 2,320, பிள்ளை ஒவ்வொருவருக்கும் 1,160 என மொத்தம் 9,280 ஆஸ்திரேலிய டாலர். கடனட்டையில் செலுத்தியதற்கான கூடுதல் கட்டணத்தையும் சேர்த்தால் பவுண்டில் ஏறத்தாழ 4,900. இக்கட்டணம் ஆண்டுதோறும் ஜூலையில் உயர்வது வழக்கம்.

2024 பிப்ரவரியில் விசா கிடைத்தது. முதன்முறை நாட்டுக்குள் நுழைய வேண்டிய கடைசி நாளாக 2024 நவம்பர் குறிக்கப்பட்டிருந்தது. மருத்துவப் பரிசோதனையும் காவல்துறைச் சான்றிதழும் ஓராண்டு மட்டுமே செல்லும் என்பதால் அந்த நாள் அவற்றிலிருந்து கணக்கிடப்படுகிறது. விசா வந்த நாளிலிருந்து ஓராண்டு இருக்கிறது என்று இவர்கள் எண்ணியிருந்தனர். உண்மையில் ஒன்பது மாதமே இருந்தது.

ஒத்திவைத்த ஒரு சான்றிதழ்

கணவரின் தொழில் தகுதியை மதிப்பிடுவது விசாவுக்குத் தேவைப்படவில்லை. மனைவியின் தகுதியே போதும் என்பதால், செய்முறைத் தேர்வை உள்ளடக்கிய, கட்டணம் கூடிய அந்த மதிப்பீட்டை அவர்கள் ஒத்திவைத்தனர். "அங்கே போய் முதல் சம்பளத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்பது கணவரின் வாதம். தாளில் சில ஆயிரம் பவுண்டு மிச்சமானது. நானும் அன்று அதற்கு உடன்பட்டேன்.

ஆஸ்திரேலியாவில் மின்பணி உரிமம் பெற்றவரே செய்யக்கூடிய வேலை. வெளிநாட்டில் பயின்றவர், தகுதி மதிப்பீட்டில் தேறியிருந்தாலும் உடனே முழு உரிமம் பெறுவதில்லை. உரிமம் உள்ளவரின் மேற்பார்வையில் ஏறத்தாழ ஓராண்டு பணிசெய்து, அந்நாட்டு விதிகள் பற்றிய இடைநிரப்புப் பயிற்சியையும் முடிக்க வேண்டும். மதிப்பீட்டோடு சென்றிருந்தால் அந்த ஓராண்டு இறங்கிய மாதமே தொடங்கியிருக்கும்.

வீடு, கன்டெய்னர், நாய்

2024 மார்ச்சில் வீட்டை விற்பனைக்கு வைத்தனர். ஏப்ரலில் வாங்குபவர் கிடைத்தார். இங்கிலாந்தில் வீடு வாங்குபவர் தன் வீட்டை விற்றாக வேண்டும், அதை வாங்குபவர் தன்னுடையதை விற்றாக வேண்டும் என்று நீளும் சங்கிலி பெரும்பாலும் இருக்கும். ஒப்பந்தங்கள் கைமாறும்வரை எவரும் இழப்பீடு தராமல் விலகலாம். இவர்களுடைய சங்கிலியில் நான்கு வீடுகள் இருந்தன. ஜூன் இறுதிவரை எல்லாம் சீராகச் சென்றதால், ஆகஸ்ட் நடுவில் பயணச்சீட்டும் ஜூலை இறுதியில் கன்டெய்னரும் பதிவு செய்தனர். ஜூலை இரண்டாம் வாரத்தில் மூன்றாவது வீட்டுக்காரருக்குக் கடன் கிடைக்காமல் சங்கிலி அறுந்தது.

அப்போது மூன்று வழிகள் இருந்தன. பயணத்தைத் தள்ளிப்போடலாம், ஆனால் மனைவி வேலையை விட்டு விலகும் அறிவிப்பைக் கொடுத்துவிட்டார், பெர்த் மருத்துவமனையில் பணிசேரும் நாளும் உறுதியாகியிருந்தது. வீட்டை வாடகைக்கு விடலாம். அதற்குக் கடன் வழங்கிய நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும், வெளிநாட்டில் வசிக்கும் உரிமையாளர் முன்னனுமதி பெறாவிட்டால் வாடகையிலிருந்து வரி பிடிக்கப்படும், வாடகைதாரர் இருக்கும் வீட்டை விற்பதும் எளிதன்று. மூன்றாவது, வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்று விற்பனையைத் தொடர்வது. அதையே தேர்ந்தனர். மாதம் சுமார் 1,200 பவுண்டு கடன் தவணைக்கும், நகராட்சி வரிக்கும், ஆளில்லா வீட்டுக்கான தனிக் காப்பீட்டுக்கும் போகும் என்று கணக்கிட்டோம். வழக்கமான வீட்டுக் காப்பீடு, சில வாரங்களுக்கு மேல் காலியாக இருக்கும் வீட்டை முழுமையாக ஏற்காது என்பதைக் கணவர் கடைசி வாரத்தில்தான் ஒப்பந்தத்தின் சிற்றெழுத்தில் கண்டார்.

இருபதடிக் கன்டெய்னருக்குக் காப்பீட்டோடு 6,400 பவுண்டு. மரச்சாமான்களில் பாதியை விற்றுவிட்டுச் செல்லலாம் என்று நான் சொன்னது ஏற்கப்படவில்லை. மகளின் அறை அப்படியே அங்கு மீண்டும் அமைய வேண்டும் என்பது தாயின் விருப்பம். அதைப் பணக்கணக்கில் மட்டும் எடைபோட முடியாது என்பதைப் பின்னர் ஒப்புக்கொண்டேன். சைக்கிள்களையும் தோட்டக் கருவிகளையும் மண் துகள் இல்லாமல் கழுவி அனுப்ப வேண்டும் என்று சரக்கு நிறுவனம் எச்சரித்தும், மண்வெட்டி ஒன்று விட்டுப்போனது. நோயும் பூச்சியும் நாட்டுக்குள் நுழையாமல் தடுக்கும் உயிர்ப்பாதுகாப்பு அதிகாரிகள் அதைத் தனியே எடுத்துச் சுத்தப்படுத்திக் கட்டணம் வசூலித்தனர். பொருள்கள் வீடு வந்து சேர மூன்று மாதம் ஆனது.

நாயின் கோப்பு மனிதர்கள் நால்வரின் கோப்பைவிடத் தடிமனாக இருந்தது. பிரிட்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குள் வரும் நாய்க்கு ரேபிஸ் தடுப்பூசியும், எதிர்ப்பொருள் அளவைக் காட்டும் இரத்தப் பரிசோதனையும், அதன்பின் பல மாதக் காத்திருப்பும் கட்டாயம். 2023 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த விதியின்படி, இரத்தம் எடுப்பதற்கு முன்பே நாயின் அடையாளத்தை அரசு சார்ந்த கால்நடை மருத்துவர் சரிபார்த்திருந்தால், மெல்போர்ன் அருகிலுள்ள மிக்கிள்ஹாம் தனிமைப்படுத்தல் மையத்தில் 10 நாட்கள் போதும். இல்லையெனில் 30 நாட்கள். இவர்களுடைய கால்நடை மருத்துவர் பழைய வழக்கப்படி முதலில் இரத்தத்தை எடுத்துவிட்டார். நாய் 30 நாட்கள் மெல்போர்னில் இருந்து, பின்னர் உள்நாட்டு விமானத்தில் பெர்த் சென்றது. அதற்கான மொத்தச் செலவு 4,600 பவுண்டு. நால்வரின் ஒருவழிப் பயணச்சீட்டு 3,200.

ஆக, புறப்படும் நாள்வரை செலவான தொகை 22,000 பவுண்டு. மதிப்பீட்டுக்குள் முடித்துவிட்டோம் என்ற நிம்மதியோடு, ஐசா பணம் உட்பட 27,000 பவுண்டு கையிருப்புடன் விமானம் ஏறினர்.

பெர்த்தில் முதல் ஐந்து மாதங்கள்

வந்த வாரமே வரி எண்ணுக்கு விண்ணப்பித்தனர். நிரந்தர வசிப்புரிமை இருந்ததால் அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின் அட்டையும் தடையின்றிக் கிடைத்தது. வீடுதான் கிடைக்கவில்லை. பிரிட்டனில் பதினைந்து ஆண்டுகள் தவணை தவறாமல் கடன் கட்டிய பதிவு ஆஸ்திரேலியாவில் எங்கும் தெரிவதில்லை. வாடகை முகவர்கள் கேட்பது உள்ளூர் வாடகைச் சான்றும், சம்பளச் சீட்டும். ஒரே வீட்டைப் பார்க்க முப்பது நாற்பது பேர் வரிசையில் நின்ற நாட்கள் அவை. குறுகியகாலத் தங்குமிடம் ஒன்றில் வாரம் 1,400 டாலர் வீதம் ஏழு வாரங்கள் தங்கி 9,800 டாலர் செலவழித்தனர். மனைவியின் முதல் இரண்டு சம்பளச் சீட்டுகளை இணைத்த பிறகே, நகரின் வடக்கே ஜூன்டாலப் பகுதியில் வாரம் 720 டாலர் வாடகையில் வீடு அமைந்தது. நான்கு வார வாடகை வைப்புத்தொகையாகவும் இரண்டு வாரம் முன்பணமாகவும் 4,320 டாலர் கொடுத்தனர். மருத்துவமனையின் இரவுப் பணிக்குப் பேருந்தை நம்ப முடியாததால் 19,000 டாலரில் பழைய கார் வாங்கினர்.

கணவர் மின்பணியாளருக்கு உதவியாளராகச் சேர்ந்தார். இருபது ஆண்டு அனுபவமுள்ளவர் கம்பி இழுத்துக்கொடுக்கும் வேலையில், தாளில் எழுதியிருந்த ஊதியத்தில் பாதியளவே பெற்றார். வேலையிழந்தோருக்கான உதவித்தொகை போன்றவற்றுக்குப் புதிதாக வந்த நிரந்தர வசிப்பாளர் நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்பதால் அரசிடமிருந்து எதையும் எதிர்பார்க்க வழியில்லை. ஒருபுறம் பெர்த் வாடகை, மறுபுறம் லெஸ்டர் தவணை என இரண்டு வீடுகளுக்கும் செலுத்தியபடியே 2024 நவம்பர் இறுதியில் கையிருப்பு 4,000 டாலராகக் குறைந்தது. தாளின்படி அவர்கள் அப்போதும் ஒரு லட்சம் பவுண்டுக்குச் சொந்தக்காரர்கள். அந்தப் பணம் லெஸ்டரில் செங்கல்லாக நின்றுகொண்டிருந்தது.

மகள் இங்கிலாந்தில் ஒன்பதாம் ஆண்டை ஜூலையில் முடித்திருந்தாள். மேற்கு ஆஸ்திரேலியாவில் கல்வியாண்டு பிப்ரவரியில் தொடங்குவதால், ஆகஸ்டில் மீண்டும் ஒன்பதாம் ஆண்டின் நடுவிலேயே சேர்க்கப்பட்டாள். அவளுக்கு அது அவமானமாகத் தோன்றியது. பெற்றோர் அதை எதிர்பார்த்திருக்கவில்லை. மகன் இரண்டு வாரத்தில் பழகிவிட்டான்.

வீடு விற்றதும் பணம் வந்ததும்

2024 டிசம்பர் 12 அன்று, சங்கிலியில்லாத ஒருவருக்கு 2,48,000 பவுண்டுக்கு வீடு கைமாறியது. மீதிக் கடன் 1,38,000; நிலையான வட்டிக் காலம் முடியுமுன் கடனை அடைத்ததற்கு மூன்று சதவீத அபராதமாக 4,140; முகவர், வழக்கறிஞர் கட்டணம் 5,200. எஞ்சியது 1,00,660 பவுண்டு. ஜனவரியில், வங்கிக்குப் பதிலாக அந்நியச் செலாவணி நிறுவனம் ஒன்றின் வழியே, பவுண்டுக்கு 1.98 டாலர் வீதம் மாற்றினர். ஆகஸ்டில் மாற்றியிருந்தால் 1.94 அளவே கிடைத்திருக்கும். தாமதத்தால் ஏறத்தாழ 4,000 டாலர் கூடுதலாக வந்தது என்று கணவர் மகிழ்ந்தார். 2023 தொடக்கத்தில் 1.75 அளவில் இருந்த விகிதம் அதே ஆண்டு ஆகஸ்டில் 1.95-ஐக் கடந்ததை நினைத்தால், அது எதிர்த்திசையிலும் அப்படியே சாய்ந்திருக்கலாம். நல்வாய்ப்பை வரவுப் பத்தியில் எழுதிக்கொள்ள நான் உடன்படவில்லை.

ஒரு சிறு தவறும் நேர்ந்தது. வெளிநாட்டில் வசிப்பவர் பிரிட்டனிலுள்ள வீட்டை விற்றால், மூலதன ஆதாய வரி ஒரு பென்னிகூட இல்லையென்றாலும், 60 நாட்களுக்குள் வரித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். குடியிருந்த வீடு என்பதால் வரி இல்லை, ஆகவே தெரிவிக்கவும் வேண்டாம் என்று கருதி, மார்ச்சில்தான் படிவம் அனுப்பினர். 100 பவுண்டு அபராதம் வந்தது.

ஓய்வூதியம் பற்றிய முடிவுகள்

புறப்படுமுன் ஓர் ஆலோசகர் தொலைபேசியில் அழைத்து, கணவரின் தனியார் ஓய்வூதிய நிதியை ஆஸ்திரேலியாவுக்கு மாற்றித் தருவதாகச் சொன்னார். அதை மறுக்கும்படி சொன்னேன். 2015-க்குப் பிறகு 55 வயதுக்குக் குறைந்தவர் பிரிட்டிஷ் ஓய்வூதியத்தை வழக்கமான ஆஸ்திரேலிய நிதிகளுக்கு மாற்ற வழியில்லை. ஏற்கப்படாத நிதிக்கு மாற்றினால் பெருந்தொகை வரியாகப் போகும். மனைவியின் என்.எச்.எஸ். ஓய்வூதியமும் அப்படி மாற்றத்தக்கதன்று. உரிய வயதுவரை அங்கேயே இருக்கும். ஐசா கணக்கின் வட்டி பிரிட்டனில் வரியற்றது என்றாலும் ஆஸ்திரேலியா அந்த விலக்கை ஏற்பதில்லை என்பதால், அதை மூடி எடுத்து வந்தது சரியான முடிவு.

பிரிட்டிஷ் அரசு ஓய்வூதியத்தை முழுமையாகப் பெற 35 ஆண்டு தேசியக் காப்பீட்டுச் சந்தா வேண்டும். மனைவிக்கு 18 இருந்தது. வெளிநாட்டில் வேலை செய்பவர் 2024-25-இல் வாரம் 3.45 பவுண்டு வீதம் இரண்டாம் வகுப்புச் சந்தாவைத் தன்விருப்பில் செலுத்த முடிந்ததால் விண்ணப்பித்து ஏற்பும் பெற்றனர். ஆனால் 2025 நவம்பர் பட்ஜெட், 2026 ஏப்ரல் முதல் வெளிநாட்டிலிருப்போருக்கு அந்த மலிவு வழியை மூடுவதாக அறிவித்தது. இதைவிடப் பெரியது வேறொன்று: ஆஸ்திரேலியாவில் வசிப்பவருக்குப் பிரிட்டிஷ் அரசு ஓய்வூதியம் முதன்முதலில் வழங்கப்பட்ட தொகையிலேயே நின்றுவிடும், ஆண்டு உயர்வு கிடையாது. பிரிட்டனுடனான சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தத்தை ஆஸ்திரேலியா 2001-இல் முடித்துக்கொண்டதற்கும் இந்தத் தகராறே காரணம். ஆகவே இருவரும் பிரிட்டிஷ் அரசு ஓய்வூதியத்தை உபரியாகக் கருதி, ஆஸ்திரேலியாவின் ஓய்வூதியச் சேமிப்பான சூப்பர் நிதியில் கூடுதலாகச் செலுத்தத் தொடங்கியுள்ளனர்.

தாயார்

மனைவியின் தாயாருக்கு 71 வயது. லெஸ்டரில் தனியே வசிக்கிறார். 2025 பிப்ரவரியில் அவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. இரண்டு நாள் அவகாசத்தில் வாங்கிய பெர்த்–லண்டன் சீட்டுக்கு 1,900 பவுண்டு ஆனது. ஊதியமில்லா விடுப்பு மூன்று வாரம். வீடு விற்ற பணம் ஒரு மாதம் முன்புதான் வந்திருந்தது. அதே விபத்து நவம்பரில் நேர்ந்திருந்தால் கடன் வாங்கியே போயிருக்க வேண்டும்.

தாயாரை அழைத்துக்கொள்ளலாமா என்றும் பார்த்தனர். பிள்ளைகளில் குறைந்தது பாதிப் பேர் ஆஸ்திரேலியாவில் குடியமர்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை, சகோதரர் ஒருவரே இருப்பதால், பின்னர் நிறைவேற்ற முடியும். ஆனால் பங்களிப்புப் பெற்றோர் விசாவுக்குத் தலைக்கு 43,000 டாலருக்கு மேல் கட்டணம். காத்திருப்போ பத்தாண்டுகளைத் தாண்டும். 71 வயதுக்காரரிடம் அந்த எண்ணைச் சொல்ல மனைவிக்கு மனம் வரவில்லை.

இன்றைய நிலையும் மாற்றிச் செய்ய வேண்டியவையும்

2025 மார்ச்சில் கணவர் தகுதி மதிப்பீட்டை முடித்து, மேற்பார்வையின் கீழ் பணிசெய்வதற்கான உரிமம் பெற்றார். ஊதியம் அடுத்த மாதமே உயர்ந்தது. மெடிகேரில் பதிந்து ஓராண்டுக்குள் தனியார் மருத்துவமனைக் காப்பீடு எடுத்தால் வயதுக்கான கூடுதல் கட்டணம் இல்லை என்பதைச் சக செவிலியர் ஒருவர் சொல்ல, பதினோராம் மாதத்தில் எடுத்துக்கொண்டனர். மகள் இப்போது நீச்சல் குழுவில் இருக்கிறாள். லெஸ்டரைப் பற்றிப் பேசுவது குறைந்துள்ளது.

மீண்டும் இதே குடும்பத்துக்குத் தாள் எழுத வேண்டியிருந்தால், கணவரின் மதிப்பீட்டை விசாவுக்கு முன்பே முடிக்கச் சொல்வேன். அதை ஒத்திவைக்க உடன்பட்டது என் தவறு. பயணச்சீட்டையும் கன்டெய்னரையும் வீட்டு ஒப்பந்தங்கள் கைமாறிய பிறகே பதிவு செய்வோம். அதற்கு இடமளிக்கும்படி வீட்டை விசா வருமுன்பே, விண்ணப்பித்த மாதத்திலேயே விற்பனைக்கு வைத்திருப்போம். விசா மறுக்கப்பட்டால் வாடகை வீட்டில் இருக்க நேரும் என்ற அச்சம் அன்று அவர்களைத் தடுத்தது. அந்த அச்சம் தவறானதென்று இன்றும் சொல்லமாட்டேன். ஆனால் அதன் விலை என்னவென்று அன்று எவரும் கணக்கிடவில்லை. நாயின் இரத்தப் பரிசோதனைக்கு முன் அடையாளச் சரிபார்ப்பு நடந்திருக்கும்.

தாளில் இப்போது புதிதாக ஒரு வரி உள்ளது: கணவன் மனைவி இருவரின் அவசரப் பயணத்துக்கு 9,000 டாலர், தனிக் கணக்கில், எக்காரணத்துக்காகவும் தொடக்கூடாத தொகை. 2025 டிசம்பரில் தாயார் ஊன்றுகோலோடு பெர்த் வந்து ஆறு வாரம் தங்கினார்; அந்தச் சீட்டை மட்டும் வேறு கணக்கிலிருந்து வாங்கினர்.